இரண்டெழுத்து

பிஸ்மார்க் நகரில் ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
குழு அறையின் ரேடியேட்டர்
யாரோ பல்லைக் கடிப்பதுபோல் கடகடக்கிறது.
அதை நான் பதிவு செய்வதில்லை.
பேசப்படுவதைத் தட்டச்சு செய்வது மட்டுமே என் வேலை.
பத்தொன்பது வருடம் ஆகிறது.
விரல்களுக்குக் கட்சி கிடையாது.

மசோதாவின் இரண்டாம் பிரிவு, மூன்றாம் வரி:
‘வீட்டில் செவிலியர் உதவியை அரசு வழங்கலாம்.’
அந்த ‘லாம்’ஐ அடித்துவிட்டு
‘வழங்க வேண்டும்’ என்று எழுதக் கேட்கிறார்கள்.
அவ்வளவுதான் திருத்தம்.
இரண்டெழுத்துக்காக
இருநூற்றுப் பத்து மைல் பனியில் வந்திருக்கிறார்கள்
மார்லிஸ் ஹௌகனும் அவள் கணவன் டுவேனும்,
நடுவே சக்கர நாற்காலியில்
ஒன்பது வயது மகளும்.

வேனின் லிஃப்ட் உறைந்துபோனதாம்.
ஃபிளாஸ்க் காபியை ஊற்றி இளக்கினானாம் டுவேன்.
சாட்சியம் தொடங்குமுன் சொன்னது;
பதிவில் வராது.

நிதித்துறை அதிகாரி ஒரு தாளை வாசித்தார்:
இப்படி அறுநூற்றுச் சொச்சம் குழந்தைகள்.
சொச்சம் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.
சொச்சத்தில் ஒருத்தி அவருக்கு நேரெதிரே
கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மார்லிஸ். மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு.

மகளின் தொண்டையில் ஒரு குழாய்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
சளியை உறிஞ்சி எடுத்தாக வேண்டும்.
பகலில் அம்மா. இரவிலும் அம்மா.
செவிலியர் வந்த காலம் ஒன்று இருந்தது.
தானியக் கிடங்கில் டுவேன்
அறுவடைக்கால ஓவர்டைம் பார்த்த மாதம்
வருமானம் வரம்பைவிட
நாற்பத்தொரு டாலர் கூடிப்போனது.
அடுத்த மாதம் செவிலியர் இல்லை.
அதன்பின் இரண்டு முறை
மேற்பார்வையாளர் வேலையை
வேண்டாம் என்றிருக்கிறான்.

“உழைக்கிற மனிதர் ஏன் உயர்வை மறுக்கிறார்?”
உறுப்பினர் ஒருவர் கேட்டார். கெட்டவர் அல்ல,
உண்மையாகவே புரியாமல்தான்.
டுவேன் தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தான்.
என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
இதற்கு ஒன்றுமில்லை.

மஞ்சள்.

பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பாராமல்
உறிஞ்சியை இயக்கினாள் மார்லிஸ்,
இன்னொருத்தி பேச்சுவாக்கில்
நெற்றி முடியை ஒதுக்குவதுபோல்.
ஸ்ஸ்ர்ர் என்று அந்த ஒலி
மைக்கில் ஏறி அறையளவு பெருத்தது.
பிற்பகல் முழுதும் கைப்பேசிக்குள் இருந்த
கடைசி நாற்காலிக்காரர் நிமிர்ந்தார்.
‘ஒலி தெளிவில்லை’ என்று போடுவது வழக்கம்.
தெளிவாகத்தான் இருந்தது.
‘குழந்தை மூச்சு விடுகிறாள்’ என்று போட்டேன்.
விதிக்கு மாறானது.

“விடிகாலை மூன்று மணிக்கு நான்” என்றாள்.

சிவப்பு.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதும்
அரசு என்ன செய்ய வேண்டும் என்பதும்
ஒரே சொல்லில் வந்து உட்கார்கின்றன.
சட்டம் எழுதுபவர்களுக்கு அந்தச் சொல்லைக் கண்டால் பயம்.
‘லாம்’ சௌகரியம்.
தரலாம், பார்க்கலாம், பிறகு பேசலாம்.
கதவைச் சாத்தவும் செய்யாமல்
உள்ளே விடவும் செய்யாமல்
ஒருக்களித்தே வைத்திருக்கலாம்.

ஏழுக்கு ஆறு.
‘வேண்டும்’ வென்றது,
வாசலில் ‘நிதி இருக்குமாயின்’ என்றொரு காவலாளியோடு.
குழு அறையில் கைதட்டக் கூடாது.
எந்தப் பக்கம் ஜெயித்தது என்று
டுவேன் என்னிடம் வந்து கேட்டான்.
சொன்னேன்.
காவலாளியைப் பற்றிச் சொல்லவில்லை.

பதிவைத் திருத்திக் கேட்க
சாட்சிகளுக்குப் பத்து நாள் அவகாசம்.
மூன்று மணி வாக்கியம்
ஒரு கோட்டோடு நின்றிருந்தது.
நிரப்பி அனுப்புவாள் என்று காத்திருந்தேன்.
ஒன்பதாம் நாள் ஒரு வரி வந்தது:

‘என் மகள் பெயர் டாட்னி இல்லை.
டாக்னி.’

மாற்றினேன்.